ஒன்றாம் வகுப்பு வரைக்கும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துச் சொல்லித்தரலாமா?

தோட்டத்துவீடு (காங்கயம்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. காங்கயம் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மூத்தவளுக்கு மூன்றரை வயது. இளையவன் கைக்குழந்தை. வருகிற ஜூனில் மூத்தவளை எல்கேஜி சேர்த்தே ஆகவேண்டும் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. பள்ளி வேன் காலை ஏழேகாலுக்கு எங்கள் இட்டேரி முக்கில் வந்து நிற்கும். சாயந்திரம் நாலரைக்குத்தான் இறக்கிவிடும். நடுவில் ஊர் ஊராகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை தினமும் வேனிலேயே தூங்கி, தூக்கத்திலேயே வீட்டுக்கு வருகிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். ஒன்றாம் வகுப்பு வரைக்கும் நானே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அத்தை, "ஊர்ப் பிள்ளைகளெல்லாம் இங்கிலீசில் பாட்டுப் பாடுதுக, நம்ம புள்ள மாட்டுக்குப் பின்னாலயே சுத்துது" என்கிறார். அவர் கவலையும் நியாயமான கவலைதான்.

இப்படி வைத்துக்கொண்டால் சட்டப்படி சிக்கல் வருமா? அப்புறம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது இடம் தரமாட்டேன் என்பார்களா? கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்லித்தருவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாவுநூல் (சோமனூர்) எழுதியது:

தங்கச்சி, நான் செய்தேன். என் மகன் இப்போது எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எல்கேஜி, யுகேஜி எதற்கும் அனுப்பவில்லை.

எங்கள் வீட்டோடு சேர்ந்த செட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. வீட்டில் எல்லாரும் சைகையிலேயே பேசிப் பழகிவிட்டோம். இவனுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு சரியாக வரவில்லை. டாக்டரிடம் காட்டினோம். காதில் குறையில்லை, நிறையப் பேசுங்கள் என்று அனுப்பினார். அதற்கப்புறம் தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். ஒரு மணிநேரம் வெறும் பேச்சு. போகிற வருகிற வண்டி, எறும்பு, எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் பேசுவோம். எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம், அதிலேயே பேசினேன். தமிழ் தெருவில் தானாக வந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்று பலர் சொன்னார்கள். அவன் குழம்பவே இல்லை. என்னிடம் ஒன்று, கடைக்காரரிடம் ஒன்று என்று ஆளைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டான்.

கணக்கும் தனியாகச் சொல்லித்தரவில்லை. தார்க் குச்சிகளை (தறிக்கு நூல் சுற்றிவைக்கிற குச்சிகள்) நிறம் பார்த்துப் பிரித்துப் பெட்டியில் போடுவது அவன் வேலை. தறி நிறுத்தின பிறகு மட்டும்தான், ஓடும்போது செட்டுக்குள் விடவே மாட்டேன். பச்சை ஒரு பெட்டி, மஞ்சள் ஒரு பெட்டி. பத்துப் பத்தாக அடுக்கு என்றேன். ஒரு நாள் அவனாகவே வந்து, "பச்சை நாலு பத்து, அப்புறம் ஒரு மூணு இருக்கு" என்றான். நாற்பத்து மூன்று என்ற பெயர் அவனுக்கு அப்போது தெரியாது. ஆனால் பத்து என்பது ஒரு கட்டு, மீதி தனி என்பது பிடிபட்டுவிட்டது. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் திணறுகிற இடமே அதுதான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டைப் பள்ளிக்கூடமாக மாற்றாதீர்கள். கரும்பலகை, டைம் டேபிள், ஹோம்வொர்க் என்று ஆரம்பித்தால் உங்களுக்கும் அலுப்பு, அவளுக்கும் வெறுப்பு. வீட்டில் ஏற்கெனவே நடக்கிற வேலைக்குள் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே இருங்கள்.

கோவைக்காரன் எழுதியது:

எதிர்க்கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பே எல்கேஜிதான். ஒன்றாம் வகுப்பில் போய்க் கேட்டால் யாராவது மாற்றலாகிப் போன இடம் இருந்தால்தான் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் ஒதுக்கவேண்டிய 25 சதவீத இடமும் நுழைவு வகுப்புக்குத்தான். எல்கேஜியை விட்டால் அந்த வாசலும் மூடிவிடும். மூன்றரை வயதில் எடுக்கிற முடிவு பத்தாம் வகுப்பு வரைக்கும் துரத்தும். படிப்பு வேண்டாம் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம், இடம் வேண்டும் என்று பிற்பாடு கேட்க முடியாது.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்குக் கூட்டம் பழகவேண்டும். தோட்டத்து வீட்டில் சுற்றிலும் காடுதான். சண்டை போட, பங்கு போட, வரிசையில் நிற்க எங்கே கற்றுக்கொள்ளும்?

ஓய்வுபெற்ற வாத்தியார் (ஈரோடு) எழுதியது:

அம்மிணி, தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் கேட்டீர்கள், முதலில் அதைச் சொல்கிறேன்.

2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்குமான பிள்ளைகளுக்கானது. எல்கேஜி, யுகேஜி எந்தப் பெற்றோருக்கும் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். ஆறு நிறையட்டும் என்று இன்னொரு வருடம் பொறுத்தாலும் அந்தச் சட்டத்துக்கு அது முரணில்லை. ஆறுக்குப் பிறகு பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, நீங்கள் கேட்கும் காலம் வரைக்கும் சிக்கல் எதுவும் கிடையாது.

சேர்க்கையின்போது பிள்ளைக்குத் தேர்வு வைப்பது, பெற்றோரை நேர்காணல் செய்வது இரண்டையும் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. "யுகேஜி முடித்த சான்றிதழ் எங்கே" என்று அரசுப் பள்ளியில் கேட்கமாட்டார்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும் என்று 4-ஆம் பிரிவு இருக்கிறது. 2022-இலிருந்து நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எழுத்தும் எண்ணும் அடியிலிருந்தே சொல்லித்தருகிறார்கள். தனியார் பள்ளி பற்றித் தம்பி சொன்னது உண்மைதான். அந்த இடம்தான் வேண்டும் என்றால் இப்போதே முடிவெடுக்கவேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்தது. வளர்ந்தவர் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு அவற்றில் மூன்று நான்குதான் எலும்பாக இறுகியிருக்கும், மிச்சமெல்லாம் குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோம். ஒன்றாம் வகுப்புக்கு வரும்போதே பென்சிலை முஷ்டியாகப் பிடித்து, தாளில் ஓட்டை விழ அழுத்தி எழுதுகிற பிள்ளைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்தப் பிடியை மாற்றுவது புதிதாகச் சொல்லித்தருவதைவிடக் கடினம். கை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல், "எழுத மாட்டேன்" என்று அழும். நாம் அதைப் பிடிவாதம் என்போம்.

அந்த வயதில் விரலுக்கு வேலை கொடுங்கள். நிலக்கடலை உரிக்கட்டும். அவரை, தட்டை, கொள்ளு கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். சந்தகை பிழியும்போது மாவு உருட்டித் தரட்டும். பூத்தொடுக்கப் பழக்குங்கள். எழுத்துக்கு வேண்டிய கைப்பலம் அங்கேயே வந்துவிடும். சின்னவன் தவழ ஆரம்பித்தால் கடலை, கொள்ளு இதெல்லாம் அவன் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும், அதில் மட்டும் கவனம்.

பனியன்தெரு (திருப்பூர்) எழுதியது:

எல்லாரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். பீஸ் ரேட். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. எங்களைப் போன்றவர்கள் இதைப் படித்தால், பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்காத நாம் நல்ல அம்மா இல்லையோ என்றுதான் தோன்றும். அந்த நினைப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

என் மகளை அங்கன்வாடிக்கு அனுப்பினேன். இரண்டு வயதிலிருந்தே சேர்த்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாடு, வாரத்தில் சில நாள் முட்டை, எடை பார்ப்பது, தடுப்பூசிக் கணக்கு எல்லாம் உண்டு. ஆடவும் பாடவும் கதை கேட்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். காசு கட்டுகிற இடம்தான் நல்ல இடம் என்று நினைத்து, கடன் வாங்கி வேனில் ஏற்றுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. நடந்து போகிற தூரத்தில் அங்கன்வாடி இருப்பது அவர்கள் கண்ணுக்கே படுவதில்லை.

வீட்டில் எனக்குக் கிடைப்பது ராத்திரி சோறு ஊட்டுகிற நேரம்தான். அந்த நேரத்தில் போனை எடுக்கவே மாட்டேன். அன்றைக்கு யார் அடித்தார்கள், யார் பூக் கொடுத்தார்கள் என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்பேன். கதையை முதலிலிருந்து முடிவு வரை வரிசையாகச் சொல்ல அப்படித்தான் வந்தது. அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. நான் எட்டாவதுதான்.

பாவுநூல் (சோமனூர்) எழுதியது:

பனியன்தெரு அக்கா சொன்னது ரொம்பச் சரி. நான் எழுதிய மத்தியான ஒரு மணிநேரமும் மாமனார் தறியைப் பார்த்துக்கொண்டதால்தான் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் படிக்கிறவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

தோட்டத்துவீடு (காங்கயம்) எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. படித்துவிட்டு ஒரு வாரமாக அவளைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மயிலைப் பசு கன்று போட்டிருக்கிறது. கன்று செம்மண் நிறத்தில் இருக்கிறது. "அம்மா வெள்ளை மாதிரி இருக்கு, கன்னு ஏன் செவப்பா இருக்கு, இது யாரோட கன்னு?" என்று விடாமல் கேட்டாள். காங்கயம் கன்றுகள் சிவப்பாகப் பிறந்து, ஆறு மாதம் போல ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும் என்று அவள் அப்பா சொன்னார். நம்பவில்லை. தினமும் காலையில் போய் மாறிவிட்டதா என்று பார்க்கிறாள். சரி என்று ஒரு பழைய டைரியைக் கொடுத்து, வாரம் ஒரு நாள் கன்றுக்குட்டிக்கு எந்த நிறமோ அந்த நிறக் கிரேயானைத் தேய்த்து வை என்றேன். எழுத்தே இல்லாமல் ஒரு குறிப்பேடு நடக்கிறது. கொறங்காட்டில், அதாவது எங்கள் மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல் மரம் எது, முள்கிளுவை எது, மாடு எந்தப் புல்லை முதலில் கடிக்கிறது என்று எனக்கே தெரியாததை அவள் அப்பாவிடம் கேட்டு வந்து எனக்குச் சொல்கிறாள்.

இதில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. "வீட்டில் வைத்துச் சொல்லித்தருவது" என்று சொன்னதுமே எல்லாரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவள் அப்பா பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தால் காலையில் ஒரு மணிநேரம் ஓய்வாகத்தான் இருக்கிறார். அந்த நேரம் இனி அவளுக்கு என்று பேசி முடிவு செய்துவிட்டோம். நான் சின்னவனைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கலாம். அத்தையிடம், "பழைய கதையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், சாயந்திரம் நீங்க சொல்லுங்க" என்றேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. இப்போது விளக்கு வைத்ததும் அவரே கூப்பிடுகிறார்.

கோவைக்காரன் எழுதியது:

நல்ல ஏற்பாடு. ஆனால் ஆங்கிலத்துக்கு என்ன பதில்? கன்றுக்குட்டி சரி, ஒன்றாம் வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஏ பி சி டி முடித்து வாக்கியம் எழுதும்போது நம் பிள்ளை முழிக்கும். கிராமத்துப் பிள்ளைகள் காலேஜுக்கு வந்து ஆங்கிலத்தில் வாய் திறக்காமல் ஒதுங்கி நிற்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். அந்த வலியில்தான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (ஈரோடு) எழுதியது:

தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் எல்கேஜி போனவர்கள்தான் என்பதையும் கவனியுங்கள். பாட்டு ஒப்பிக்கிற பிள்ளைக்கு அந்த வரியின் பொருள் தெரியாது. ஒரு மொழியில் நினைத்ததைச் சொல்லவும், கேட்டதைப் புரிந்துகொள்ளவும், கேள்வி கேட்கவும் பழகிய பிள்ளை இரண்டாவது மொழியை வேகமாகப் பிடிக்கும். முதல் மொழியே அரைகுறையாக இருந்தால் இரண்டும் தொங்கும். ஆங்கிலம் காதில் விழட்டும். படப் புத்தகம் பார்த்து நாலு வார்த்தை சொல்லட்டும். அதற்காக வேனில் தூங்க வேண்டியதில்லை.

மஞ்சள்வயல் (கோபி) எழுதியது:

நாங்கள் ஆறு வயதுக்குப் பிறகும் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. இதை எல்லாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். நாங்கள் இருவருமே வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் என்பதால் முடிகிறது.

யோசிப்பவர்களுக்குத் தெரியவேண்டியது இதுதான். வீட்டுக்கல்விக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. பள்ளியில் பெயர் இல்லாத பிள்ளைக்கு எமிஸ் எண் (பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்) இருக்காது. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் ஆசிரியர் பயிற்றுநர்கள் வீடு தேடி வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். உட்காரவைத்து, மகள் செய்ததையெல்லாம் காட்டினோம். அவர்கள் வருவது படிப்பை விட்ட பிள்ளைகளைக் காப்பாற்றத்தான், எரிச்சல்படக் கூடாது. பின்னால் தேர்வுக்கு வழிகள் இருக்கின்றன. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளும், பதினான்கு வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புத் தேர்வும் உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். சமச்சீர்ப் பாடப்புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

கூட்டம் பழகுவது பற்றிக் கோவைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. எங்களுக்கும் கடினமாக இருந்தது அதுதான். பள்ளி விட்டதும் தெருப்பிள்ளைகள் வரும் நேரத்துக்காக மகள் காத்துக்கிடப்பாள். தோட்டத்து வீடு என்றால் வாரத்தில் சில நாள் ஊருக்குள் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு நீங்களே கூட்டிப்போகவேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வரலாறு வேண்டும் என்றால் நம் காலடியிலேயே இருக்கிறது. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல். தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடும், மணி செய்த தடயமும் கிடைத்த ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது அந்த ஊர்தான் என்கிறார்கள். பானை ஓட்டில் யாரோ தன் பெயரைக் கீறி வைத்தார்கள் என்று சொன்னதும் என் மகள் வீட்டுக்கு வந்து உடைந்த ஓட்டில் ஆணியால் தன் பெயரைக் கீறினாள். அன்றைக்குத்தான் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினாள்.

அம்மாயி (பொள்ளாச்சி) எழுதியது:

பேத்தி டைப் பண்ணச் சொல்லிக் கொடுத்தாள், நானே எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்காரர், பேரன் பேத்திகளுக்கு அப்புச்சி, கொள்ளு அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார். நாங்கள் எல்லாம் அப்படித்தான் எண்ணப் பழகினோம். பிள்ளைக்குப் படியும் ஆழாக்கும் கொடுத்து அளக்கவிடுங்கள். கீழே சிந்தினால் திட்டாதீர்கள், கூட்டி எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்துவீடு (காங்கயம்) எழுதியது:

வாத்தியார் ஐயா, எழுத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? 247 எழுத்தும் அட்டவணையாகச் சுவரில் ஒட்டட்டுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார் (ஈரோடு) எழுதியது:

ஒட்டுங்கள், ஆனால் அதைக் காட்டி ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். 'அ' எழுதச் சுழிப்பான எழுத்து, முதல் எழுத்தாக அது பிள்ளைக்குச் சிரமம். நான் வகுப்பில் ட, ப, ம என்று நேர்கோடு அதிகமுள்ள எழுத்துகளில் தொடங்குவேன். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம் வாசித்துவிடலாம். முதல் வாரத்திலேயே நான் ஒரு வார்த்தை படித்தேன் என்ற தெம்பு பிள்ளைக்கு வந்துவிடும். அப்புறம் க, ச, த, ர. துணைக்கால் ஒன்றைச் சேர்த்தால் பாட்டம், மாடம், காகம் என்று வார்த்தைகள் பெருகும். உயிரெழுத்து, மெய்யெழுத்துக் குறிகள் பிடிபட்டால் 247-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. கு, சு, து, மு வரிசை மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், அதைக் கடைசியில் நிதானமாகச் சொல்லுங்கள். மண்ணில் விரலால் எழுதட்டும். நோட்டும் பென்சிலும் ஐந்து வயதுக்கு மேல் போதும்.

மஞ்சள்வயல் (கோபி) எழுதியது:

பெருந்துறை, சென்னிமலை, காங்கயம் பக்கம் உள்ளவர்கள் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் கூடலாமா? டிசம்பரில் பறவைகள் நிறைய இருக்கும். வெயில் ஏறுமுன் காலையிலேயே வந்துவிட்டால் நல்லது.

பனியன்தெரு (திருப்பூர்) எழுதியது:

ஞாயிறு என்றால் எனக்கு லீவு, மகளோடு வருகிறேன். வீட்டுக்காரரையும் கூட்டி வருகிறேன். அரிசிம்பருப்பு சாதம் கட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

தோட்டத்துவீடு (காங்கயம்) எழுதியது:

நாங்களும் வருகிறோம். அத்தையும் வருவதாகச் சொல்கிறார். கைக்குழந்தை இருப்பதால் பஸ் தோதுப்படாது, பால் வண்டியிலேயே வந்துவிடுவோம். வழியில் யாரையாவது ஏற்றவேண்டுமென்றால் சொல்லுங்கள், இடம் இருக்கிறது.

கோவைக்காரன் எழுதியது:

என் மகன் யுகேஜி. அவனையும் கூட்டிக்கொண்டு வரலாமா? என்னிடம் ஒரு பைனாகுலர் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

மஞ்சள்வயல் (கோபி) எழுதியது:

கட்டாயம் வாங்க. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு மணி, நுழைவாயிலில். தொப்பியும் தண்ணீரும் மறக்கவேண்டாம்.